புலிக்கு யார் சொன்னது?

ஒரு சிறு ஆட்டம் ஆடிப் பார்ப்போமா? உங்களுக்குத் தேவை ஒரு மேசை, இரண்டு பகடைகள், நான்கு நண்பர்கள். கதை நடக்கும் இடம் கேமரன் மலையின் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். மாலை மணி ஏழு. பனிமூட்டம் இறங்கிவிட்டது. தோட்டத்துக் கோடியில் இருக்கும் லயத்தில் ஒரு பாட்டிக்குக் கடுங்காய்ச்சல். அவருக்கு மருந்து கொண்டுபோக வேண்டும். வழியில் எங்கோ ஒரு புலி உலவுகிறது.

நண்பர்கள் தலையைச் சேர்த்துக்கொண்டு திட்டம் போடுகிறார்கள். ஒருவர் விளக்கோடு மேல் சாலையில் சத்தம் போட்டபடி போவார். புலியின் கவனம் அங்கே திரும்பும்போது மற்ற மூவரும் ஓடையோரமாக இருட்டில் நழுவிவிடுவார்கள். நல்ல திட்டம்தான். ஆட்டத்தை நடத்துபவர் நீங்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். “ஓடையோரத்தில் புலி பதுங்கியிருக்கிறது. பாய்ந்துவிட்டது!” என்கிறீர்கள்.

மேசை அமைதியாகிவிடுகிறது. ஒருவர் மெல்லக் கேட்கிறார்: “புலிக்கு யார் சொன்னது?”

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இல்லையென்றால் ஆட்டம் அங்கேயே செத்துவிடும். அடுத்த முறை யாரும் திட்டம் போட மாட்டார்கள். போட்டுத்தான் என்ன பயன்?

சமமின்மை வேறு, அநியாயம் வேறு

இப்படி ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் மேசை விளையாட்டுகள் இன்று உலகெங்கும் உண்டு. அவற்றுக்கு வழிகாட்டி, 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. இதில் கதையை நடத்துபவர்தான் எதிரிகளையும் ஆட்டிவைக்கிறார். எதிரி வலுவாக இருப்பதா இங்கே சிக்கல்? இல்லை. நம் பாட்டன் பூட்டன் ஆடிய ஆடு புலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

அதில் 3 புலிகள், 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டால் யாரையும் வெட்ட முடியாது, சூழ்ந்து அடைக்க மட்டுமே முடியும். மலாய்க்காரர்களின் ‘ரிமாவ்’ ஆட்டமும் இதே குடும்பம்தான். அங்கே புலியை மடக்குபவை ஆடுகள் அல்ல, மனிதர்கள். நேபாளத்தின் ‘பாக் சால்’ ஆட்டத்தில் 4 புலிகளும் 20 ஆடுகளும் மோதுகின்றன.

பாக் சாலைக் கணினியால் அலசிய லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் என்ற ஆய்வாளர்கள், காய்கள் எல்லாம் இறங்கிய பிறகு வரக்கூடிய 88,260,972 நிலைகளை வரிசைப்படுத்தினார்கள். பிறகு தொடக்கம் முதல் தேடி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இரு தரப்பும் பிழையே செய்யாமல் ஆடினால் யாருக்கும் வெற்றி இல்லை. ஆட்டம் சமநிலையில் முடியும்!

பார்ப்பதற்கு ஏறுமாறாகத் தெரியும் ஆட்டம் உண்மையில் நியாயமான ஆட்டம். காரணம், காய்கள் எல்லாம் கண்முன்னே இருக்கின்றன. புலிக்கு என்ன தெரியுமோ அது ஆட்டுக்கும் தெரியும்.

நடுவரே எதிரியானால்?

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் நிலைமை வேறு. இதன் வேர், பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்பீல்’ என்ற போர்ப் பயிற்சி ஆட்டம் வரை போகிறது. அதில் இரண்டு படைத்தலைவர்களுக்கு நடுவே ஒரு நடுவர் இருப்பார். ஒவ்வொரு தரப்பும் தன் ஆணைகளை நடுவரிடம் கொடுக்க வேண்டும். அந்தப் படையின் கண்ணுக்கு எட்டியதை மட்டுமே நடுவர் திருப்பிச் சொல்வார். முழுப் படமும் தெரிந்தவர் அவர் ஒருவரே. ஆனால் அவர் எந்தப் பக்கமும் இல்லை.

நம் மேசையில் நடுவரும் நீங்களே, புலியும் நீங்களே. உங்கள் காது கேட்டதெல்லாம் புலியின் காதிலும் விழுந்துவிடுகிறது. இதைத் தடுக்க எளிய வழி, எதிரி ஒவ்வொரு முறை நகரும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வதுதான்.

முதல் கேள்வி: அதற்கு என்ன தெரியும்?

புலி இரை தேடுவது பெரும்பாலும் பார்வையாலும் செவியாலும்தான். மோப்பத்தின் பங்கு குறைவு. கவாத்துச் செய்து இடுப்பளவில் நிறுத்திய தேயிலைச் செடிகளுக்கு நடுவே அது பதுங்கலாம். ஆனால் பனிமூட்டம் உங்கள் நண்பர்களின் கண்ணை மறைப்பதுபோல் அதன் கண்ணையும் மறைக்கும். விளக்கும் சத்தமும் மேல் சாலையில் இருந்தால் அதன் காது அங்கேதான் திரும்பும். ஓடையோரம் யாராவது கல்லில் இடறினால், அப்போது திரும்பிப் பார்க்கட்டும். அது நியாயம்.

இரண்டாவது கேள்வி: அதற்கு என்ன வேண்டும்?

புலிக்கு வேண்டியது இரை, பழிவாங்கல் அல்ல. அது நெடுந்தூரம் துரத்தாது. பதுங்கி, நெருங்கி, பின்புறமிருந்து பாயும். தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். வங்காளத்தின் சுந்தரவனத்தில் 1980-களின் பிற்பகுதியில் காட்டுக்குள் போன தொழிலாளர்கள் தலையின் பின்புறம் மனித முகமூடி அணிந்தது இதனால்தான். உங்கள் நண்பர்களில் ஒருவருக்கு இந்த யோசனை தோன்றினால் அதற்குப் பலன் கொடுங்கள். அறிவைப் பயன்படுத்தியவர் ஏமாறக் கூடாது.

மூன்றாவது கேள்வி: எப்போது விலகும்?

காயம்பட்ட புலியால் வேட்டையாட முடியாது, வேட்டையாடாவிட்டால் பட்டினி. ஆகவே உயிரைப் பணயம் வைத்துக் கடைசிவரை போராடுவது அதற்குக் கட்டுப்படியாகாது. 1981-இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அடிப்படைப் பதிப்பில் இதற்கு ஓர் அழகான விதி உண்டு. ஒவ்வோர் எதிரிக்கும் ஒரு துணிவு எண் இருக்கும். நெருக்கடி வரும்போது இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை துணிவு எண்ணைவிட அதிகமானால் எதிரி பின்வாங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பகடைகள் விழும் விதங்கள் 36. துணிவு எண் 8 என்றால், 9 முதல் 12 வரை விழ 10 விதங்கள். பின்வாங்கும் வாய்ப்பு சுமார் 28 விழுக்காடு. துணிவு எண்ணை 6 ஆக்கினால் 21 விதங்கள். வாய்ப்பு 58 விழுக்காடாக எகிறுகிறது. இரண்டே இரண்டு எண்தான் வித்தியாசம், வாய்ப்போ இரு மடங்கு! பகடையை எல்லாரும் பார்க்க உருட்டுங்கள். புலி ஓடியதா நின்றதா என்பதில் உங்கள் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை என்பது நண்பர்களுக்குப் புரியும்.

கவிழ்த்து வைத்த தாள்

இன்னும் ஒரு சின்ன உத்தி. ஆட்டம் தொடங்கும் முன்பே, புலி எங்கே இருக்கிறது, எதற்காக வந்திருக்கிறது, அதன் துணிவு எண் என்ன என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுங்கள். நண்பர்கள் பேசுவது காதில் விழுந்தாலும் எழுதியதை மாற்ற முடியாது. கூடவே, தடயங்களையும் முன்கூட்டியே கொடுங்கள்: ஈர மண்ணில் ஒரு காலடித் தடம், திடீரென்று அடங்கிப்போன பூச்சிகளின் ஒலி. எச்சரிக்கை கிடைத்த பிறகும் அந்தப் பக்கம் போனால், விளைவு அவர்களுடையது.

நியாயமான எதிரி என்றால் எளிதான எதிரி என்று பொருளல்ல. புலி ஜெயிக்கலாம். ஆனால் தோற்றவர், “இப்படிச் செய்திருந்தால் தப்பியிருக்கலாம்” என்று சொல்லும்படி தோற்க வேண்டும்.

இன்று மலேசியக் காடுகளில் எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு. அவற்றுக்குப் புகலிடமான மாநிலங்களில் பகாங்கும் ஒன்று. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் காட்டுப் புலியை நேரில் காணப்போவதே இல்லை. மேசைமேல் நீங்கள் ஆட்டிவைக்கும் புலிதான் அவர்கள் அறியப்போகும் புலி. அது அஞ்சும், தவறவிடும், விலகிப் போகும் உயிராக இருக்கட்டும்.

இந்த வார இறுதியில் ஆடிப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாளைத் திருப்பிக் காட்டுங்கள். “புலிக்கு யார் சொன்னது?” என்று யாரும் கேட்க மாட்டார்கள்.