ஒரு டன் வாழைக்கு 50 மில்லி

வாழைத்தாரிலிருந்து சீப்பை அறுத்ததும் பால் வடிகிறதே, அந்த வெட்டுவாய்தான் பூசணத்துக்கு வாசல். அங்கே கறுக்கத் தொடங்கும் அழுகல் காம்புக்கு இறங்கினால் பழங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். கறுவா எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் இதைத் தடுக்கும் என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. ‘என்ன செலவாகும்?’ என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது.

இலங்கையில் இதற்கு நல்ல ஆய்வுகள் உண்டு. 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாழையை அழுகவைக்கும் மூன்று பூசணங்கள் மேல் கறுவா இலை, கறுவாப் பட்டை, கிராம்பு எண்ணெய்களைச் சோதித்தார்கள். பூசணத்தை அடக்கவோ கொல்லவோ தேவைப்பட்ட அளவு 0.03 முதல் 0.11 சதவீதம். 100 லிட்டர் தொட்டிக்கு 30 மில்லியிலிருந்து 110 மில்லி.

நான் 0.1 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன். 100 லிட்டருக்கு 100 மில்லி. ஒரு தொட்டித் தண்ணீரில் 2 டன் காயை முக்கியெடுக்கலாம் என்று வைத்தால், டன்னுக்கு 50 மில்லி. கறுவா இலை எண்ணெய் லிட்டர் 2,000 ரூபாய் என்று போட்டால் டன்னுக்கு 100 ரூபாய், கிலோவுக்கு 10 பைசா. எண்ணெய் தண்ணீரில் சீராகக் கலப்பதற்கான பால்மமாக்கிக்கு 20 ரூபாய். (விலைகள் என் அனுமானம். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.) சீப்பைக் கழுவும் தொட்டி எப்படியும் இருப்பதால் ஆள்கூலியைச் சேர்க்கவில்லை.

எந்த எண்ணெய் என்பதிலும் காசு இருக்கிறது. கிராம்பு மொட்டில் எண்ணெய் ஏறத்தாழ 15 சதவீதம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 7 கிலோ மொட்டு வேண்டும். 50 மில்லிக்கு 350 கிராம். கிராம்பு கிலோ 900 ரூபாய் என்றால் மொட்டுக்கு மட்டும் 315 ரூபாய். பிரியாணிக்குப் போகவேண்டியதை வாழைக்காய்க்குக் கொட்டுவானேன்? கறுவா இலையில் எண்ணெய் 1 சதவீத அளவுதான் என்றாலும், கொம்பை வெட்டிப் பட்டை உரித்தபின் மிஞ்சுவது அந்த இலை. 50 மில்லிக்கு 5 கிலோ இலை போதும். பட்டை எண்ணெய் விலை இதைப்போலப் பல மடங்கு. சோதனையில் இரண்டும் அதே வரம்புக்குள் வேலை செய்திருக்கும்போது பட்டையை வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஆனால் எண்ணெய் மட்டும் காரியத்தை முடிப்பதில்லை. 2005-இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்று, எம்புல் என்னும் வாழை வகைக்குக் கறுவா எண்ணெய்ப் பால்மத்தைக் கொடுத்து, உள்காற்றை மாற்றும் பிளாஸ்டிக் பையிலும் அடைத்தது. குளிர் அறையில் 21 நாள் தாங்கியது. 28 பாகை வெப்பத்தில் 14 நாள். நம் ஊர் வியாபாரிக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம், அதற்குக் குளிர் அறை வேண்டியதில்லை.

பைக்கு வருவோம். 13 கிலோப் பெட்டிக்கு ஒரு பை என்றால் டன்னுக்கு 77 பை. ஒன்று 5 ரூபாய் வீதம் 385 ரூபாய். எண்ணெயைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு! ஆக மொத்தம் 505 ரூபாய், கிலோவுக்கு 50 பைசா.

இந்தச் செலவு திரும்பி வருமா? லூதியானாவிலுள்ள அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை வாழையின் இழப்பை 7.76 சதவீதம் என்கிறது, டன்னுக்கு 77.6 கிலோ. அடிபட்டது, நசுங்கியது எல்லாம் அதில் சேர்த்தி, பூசணத்தால் மட்டும் போனதல்ல. கிலோ 15 ரூபாய்க்கு விற்றால் 505 ரூபாயை மீட்க 34 கிலோ மிச்சமாக வேண்டும். அதாவது மொத்த இழப்பில் 43 சதவீதம். நாலு நாளில் உள்ளூர்ச் சந்தையில் தீர்ந்துவிடும் சரக்குக்கு இது நடக்காது. கிலோ 30 ரூபாய் கிடைக்கும் தொலைதூரச் சந்தை என்றால் 17 கிலோ போதும். அது நடக்கக்கூடியது.

இன்னொரு சிக்கல், மேலே சொன்ன 0.03 முதல் 0.11 சதவீதம் ஆய்வுக்கூடச் சோதனையில் கிடைத்த அளவு. அங்கே பூசணம் வெளிப்படையாக வளர்கிறது. கரும்புள்ளி நோயின் பூசணமோ காய் பச்சையாக இருக்கும்போதே தோலில் வேர்பிடித்து, பழுக்கும்வரை அடங்கிக் கிடக்கும். எனவே பழத்துக்கு அளவைக் கூட்ட வேண்டிவரலாம். நாலு மடங்கு ஏற்றினால் எண்ணெய் 400, பால்மமாக்கி 80, பை 385: மொத்தம் 865 ரூபாய். 15 ரூபாய் விலையில் 58 கிலோ மிச்சமாக வேண்டும், இழப்பில் முக்கால் பங்கு. அதற்குமேல் ஏற்றப்போனால் தோல் கருகலாம், பழத்தில் மசாலா வாசம் ஏறலாம். வாங்குகிறவர் அதற்கும் விலை குறைப்பார்.

எண்ணெய்க்காரரிடம் பேரம் பேசி லிட்டருக்கு 200 ரூபாய் குறைத்தால் டன்னுக்கு மிச்சம் 10 ரூபாய். பைக்காரரிடம் பைக்கு ஒரு ரூபாய் குறைத்தால் 77.