உங்களுக்குத் தெரியுமா? ஏசியின் ‘டன்’ பனிக்கட்டிக் கணக்கு!

ஏசியின் திறனைக் குறிக்கும் ‘டன்’ அதன் எடையன்று. 0 பாகை செல்சியசிலுள்ள 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகி முடிய உறிஞ்சும் வெப்பத்தின் வீதமே, அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட், ஒரு டன் எனப்படுகிறது.

• ஏசி இல்லாத காலத்தில், 1833இல் பாஸ்டனிலிருந்து பனிக்கட்டி ஏற்றிய ‘டஸ்கனி’ கப்பல் ஹூக்ளி ஆற்றின் வழியே கல்கத்தாவை அடைந்தது. அதே ஆற்றங்கரையிலுள்ள கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனத்தின் தொடக்கம் 1884.

• இத்தகைய கப்பல் கட்டும் தளத்தின் பெயின்ட் கிடங்கு போன்ற, தீப்பற்றும் ஆவி சேரும் அறைக்கு, உள்ளெழும் பொறி வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்காதவாறு அமைந்த வெடிதடுப்பு ஏசியைத் தேர்ந்தெடுக்கும்போது, தரைப்பரப்பை மட்டும் கொண்டு டன்னைக் கணிப்பது போதாது. ஆவியை வெளியேற்ற ஓயாது உட்செலுத்தப்படும் வெளிக்காற்றின் வெப்பமும், கொல்கத்தாவின் மழைக்காலத்தில் அதனினும் மிகுதியாக ஈரமும் பெருஞ்சுமையாகின்றன.

• மிகைத்திறனும் பிழையே: அறை விரைந்து குளிர்ந்து கம்ப்ரசர் அடிக்கடி நின்றுவிடுவதால் ஈரம் சரிவர நீங்குவதில்லை.

• டன் கூடுவதால் பாதுகாப்பு கூடுவதில்லை. பாதுகாப்பு தனிக்கணக்கு: எடுத்துக்காட்டாக, ‘டி4’ வெப்ப வகுப்புச் சாதனத்தின் மேற்பரப்பு 135 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாது.