ஜப்பானும் சீனாவும்: வர்த்தகம் பகையைத் தடுக்கின்றதா?

2025 நவம்பர் 7ஆம் திகதி ஜப்பானியப் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுப்பிய கேள்விக்குப் பிரதமர் சானே தகாய்ச்சி பதிலளித்தார். தாய்வான் விடயத்தில் சீனா போர்க்கப்பல்களைக் கொண்டு பலப்பிரயோகம் செய்தால், அது ஜப்பானின் இருப்புக்கே அச்சுறுத்தலான நிலைமையாக அமையக்கூடும் என்பதே அப்பதிலின் சாரம். 2015இல் நிறைவேற்றப்பட்ட பாதுகாப்புச் சட்டங்களின்படி, அத்தகைய நிலைமையில் ஜப்பானியப் படைகள் நேச நாடொன்றுடன் சேர்ந்து களமிறங்கலாம். முன்னைய பிரதமர்கள் பதவியில் இருந்தபோது இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதைத் தவிர்த்தே வந்தார்கள்.

ஒரு வாரத்திற்குள், ஜப்பானுக்குப் பயணம் செய்வதைத் தவிர்க்குமாறு சீனா தன் மக்களுக்கு அறிவுறுத்தியது. அடுத்த சில நாட்களில் ஜப்பானியக் கடலுணவு இறக்குமதியும் நின்றது. பேச்சு இராணுவத்தைப் பற்றியது. தண்டனையோ சுற்றுலாவிலும் மீனிலும் வந்து விழுந்தது.

ஒருவரோடொருவர் வியாபாரம் செய்யும் நாடுகள் சண்டை பிடிப்பதில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஜப்பானுக்கும் சீனாவுக்கும் இடையில் ஆண்டொன்றுக்குச் சுமார் 300 பில்லியன் அமெரிக்க டொலர் பெறுமதியான வர்த்தகம் நடக்கின்றது. ஆனாலும் சண்டை ஓயவில்லை. இவ்வுறவை விபரிக்க இரு நாட்டவரும் 'அரசியல் குளிர், பொருளாதாரம் சூடு' என்னும் ஒரே தொடரைப் பயன்படுத்துகின்றார்கள். இத்தொடர் நிலைமையை விபரிக்கின்றதே தவிர விளக்கவில்லை என்றே நான் கருதுகின்றேன். வர்த்தகம் இவ்விரு நாடுகளின் பகையை இதுவரை ஓர் எல்லைக்குள் வைத்திருந்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு சண்டையும் அந்த எல்லைக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டு வருகின்றது. அதை விளங்கிக்கொள்ள வரலாற்றைச் சற்றுப் பின்நோக்கிப் பார்க்க வேண்டும்.

கொடி ஒன்றால் நின்ற வர்த்தகம்

1894-95 போரில் சீனா தோற்றுத் தாய்வானை ஜப்பானிடம் இழந்தது. 1931இல் மஞ்சூரியாவை ஜப்பான் கைப்பற்றியது. 1937இல் முழு அளவிலான போரும் நாஞ்சிங் படுகொலையும் நடந்தன. 1945இல் ஜப்பான் சரணடைந்தது. இந்த அரை நூற்றாண்டின் நினைவு சீனாவில் இன்றும் ஆறாத புண்ணாகவே இருக்கின்றது.

போருக்குப் பின்னர் ஜப்பான் 1952இல் தாய்ப்பே அரசுடனேயே சமாதான உடன்படிக்கை செய்துகொண்டது. பீஜிங்கை அங்கீகரிக்கவில்லை. எனினும் தனியார் மட்டத்தில் சிறிதளவு வர்த்தகம் நடந்தது. 1958 மே மாதம் நாகசாகி நகரக் கடைத்தொகுதி ஒன்றில் நடந்த சீனக் கண்காட்சியில், ஒருவர் சீனக் கொடியை இழுத்து வீழ்த்தினார். ஜப்பானிய அரசு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பீஜிங் வர்த்தகத்தையே நிறுத்தியது. அரசியல் கோபத்தை வர்த்தகத்தின் மூலம் காட்டும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகின்றேன்.

அறுந்த நூலை முடிந்தவர்கள் இரண்டு மனிதர்கள். ஒருவர் டோக்கியோவில் பிறந்த சீனக் கம்யூனிஸ்ட் தலைவர் லியாவ் செங்சி. மற்றவர், போர்க்காலத்தில் மஞ்சூரியாவில் பெருந்தொழில்களை நடத்தியவரும் பின்னர் ஜப்பானில் அமைச்சராக இருந்தவருமான தகாசாகி தட்சுனொசுகே. இவர்கள் 1962 நவம்பரில் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின் கீழ், இராஜதந்திர உறவே இல்லாத இரு நாடுகள் ஒன்றின் தலைநகரில் மற்றது வர்த்தக அலுவலகம் திறந்தன. பத்து ஆண்டுகளுக்குப் பின் அமைந்த இராஜதந்திர உறவுக்கு அதுவே ஒரு படிக்கல்லாக அமைந்தது.

ஒத்திவைக்கப்பட்ட தீவுகள்

1972 செப்டெம்பர் 29ஆம் திகதி பிரதமர் தனாகா ககுவேயும் சூ என்லாயும் பீஜிங்கில் கூட்டறிக்கையில் கைச்சாத்திட்டனர். ஜப்பான் பீஜிங்கை அங்கீகரித்தது. சீனா போர் நட்டஈட்டைக் கைவிட்டது. தீவுப் பிரச்சினை அப்போதைக்கு ஒதுக்கிவைக்கப்பட்டது. ஜப்பானியர் சென்காகு என்றும் சீனர் தியாவ்யூ என்றும் அழைக்கும் இத்தீவுகளில் மக்கள் எவரும் வசிப்பதில்லை. 1968இல் நடந்த ஆய்வொன்று அக்கடலடியில் எண்ணெய் இருக்கலாம் எனக் கூறிய பின்னரே இவற்றின் மீதான உரிமைக் கோரிக்கைகள் சூடு பிடித்தன. 1978இல் சமாதான நட்புறவு உடன்படிக்கைக்காக ஜப்பான் சென்ற டெங் சியாவோபிங், இதைத் தீர்க்கும் அறிவு எமது தலைமுறைக்கு இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு இருக்கும் என்ற பொருள்படப் பேசினார். அப்படியொரு இணக்கம் இருந்ததையே ஜப்பானிய அரசு இன்று மறுக்கின்றது.

அந்த ஒத்திவைப்பு வாங்கித்தந்த காலம் சாதாரணமானதல்ல. 1979இல் தொடங்கிய ஜப்பானிய அபிவிருத்தி உதவி, பெரும்பாலும் குறைந்த வட்டிக் கடனாக, மூன்றரை டிரில்லியன் யென்னைத் தாண்டியது. பீஜிங் விமான நிலைய விரிவாக்கத்திலும் ஷாங்காயின் புதொங் விமான நிலையத்திலும் அப்பணம் இருக்கின்றது. ஷாங்காயின் பாவோஷான் உருக்கு ஆலை நிப்போன் ஸ்டீல் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் எழுந்தது. டெங் நேரில் கேட்டுக்கொண்டதற்கிணங்க மட்சுஷிதா கொனொசுகேயின் நிறுவனம், அதாவது இன்றைய பனசொனிக், சீனாவில் தொழிற்சாலை அமைத்தது. சீனா நட்டஈட்டைக் கைவிட்டதற்கான சொல்லப்படாத கைம்மாறு இது எனப் பார்ப்போரும் உண்டு.

2010: தராசு சாய்ந்த ஆண்டு

2000ஆம் ஆண்டில் ஜப்பானியப் பொருளாதாரம் சீனாவைப் போல் நான்கு மடங்கு. 2010இல் சீனா ஜப்பானை முந்தியது. இன்று சீனா ஜப்பானைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். கால் நூற்றாண்டில் தராசு இப்படித் தலைகீழாகியதை மனதிற் கொள்ளாமல் இன்றைய முறுகலை விளங்கிக்கொள்ள முடியாது.

அதே 2010 செப்டெம்பரில் தீவுகளுக்கு அருகே சீன மீன்பிடிப் படகொன்று ஜப்பானியக் கரையோரக் காவற்படைக் கப்பல்களுடன் மோதியது. படகோட்டியை ஜப்பான் கைதுசெய்தது. சில நாட்களில் சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வரும் அருமண் தாதுக்கள் தடைப்பட்டன. மின்மோட்டார் காந்தங்கள் முதல் கண்ணாடி மெருகூட்டல் வரை பயன்படும் இவற்றில் சுமார் 90 சதவீதத்தை ஜப்பான் சீனாவிடமே வாங்கிக்கொண்டிருந்தது. தடை எதுவும் விதிக்கவில்லை எனச் சீனா மறுத்தது. படகோட்டி விடுவிக்கப்பட்டார்.

அத்துடன் கதை முடியவில்லை. ஜப்பான் அவுஸ்திரேலியாவின் லைனாஸ் சுரங்க நிறுவனத்தில் முதலிட்டது. குறைந்தளவு அருமண்ணில் இயங்கும் காந்தங்களைத் தன் தொழிற்சாலைகளில் உருவாக்கியது. அமெரிக்காவுடனும் ஐரோப்பிய ஒன்றியத்துடனும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்து 2014இல் வென்றது. பத்து ஆண்டுகளில் சீனாவில் தங்கியிருக்கும் அளவு 60 சதவீதமளவுக்கு இறங்கியது.

2012 செப்டெம்பரில் மூன்று தீவுகளைத் தனியார் உரிமையாளரிடமிருந்து ஜப்பானிய அரசு 2.05 பில்லியன் யென்னுக்கு வாங்கியது. சீன நகரங்களில் ஆர்ப்பாட்டங்கள் வெடித்தன. டெங்கின் அழைப்பில் சீனாவுக்குள் வந்த அதே பனசொனிக்கின் சிங்தாவோ தொழிற்சாலையும் தாக்கப்பட்டது. ஜப்பானியக் கார்களின் விற்பனை சரிந்தது. அதன் பின்னர் பல ஜப்பானியக் கம்பனிகள் 'சீனாவுடன் இன்னொரு நாடு' என்னும் கொள்கையில் வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் கிளை பரப்பின.

மீனும் சில்லும்

2023 ஓகஸ்டில் புகுஷிமா அணு உலையில் சுத்திகரிக்கப்பட்ட நீரை ஜப்பான் கடலில் விடத் தொடங்கியதும், சீனா ஜப்பானியக் கடலுணவு முழுவதையும் தடைசெய்தது. அடிபட்டவர்கள் புகுஷிமாவிலிருந்து தொலைவிலுள்ள ஹொக்கைடோவின் சிப்பி வளர்ப்பாளர்கள். அவர்களின் சிப்பிகள் ஓட்டுடன் சீனா சென்று, அங்கே உடைக்கப்பட்டு, அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்தன. தடைக்குப் பின் அவர்கள் வேறு நாடுகளில் ஆலைகளையும் சந்தைகளையும் தேடினார்கள். 2025 ஜூனில் தடை ஓரளவு தளர்ந்து, நவம்பர் முதல் வாரத்தில்தான் ஹொக்கைடோ சிப்பிகள் மீண்டும் கப்பலேறின. அதே வாரத்தில் தகாய்ச்சியின் பதில் வந்தது. வாசல் திறந்த வேகத்தில் மூடப்பட்டது. இனி அது திறந்தாலும் அவர்கள் முழு உற்பத்தியையும் அங்கே அனுப்புவார்களா?

மறுபுறத்தில் ஜப்பானும் சும்மா இருக்கவில்லை. 2022இல் பொருளாதாரப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 2023 ஜூலை முதல் சில்லுத் தயாரிப்புக் கருவிகள் 23 வகைகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. சீனாவின் பெயர் குறிப்பிடப்படாவிட்டாலும் இலக்கு எதுவென்பது எல்லோருக்கும் தெரியும். சீனா தன் பங்குக்கு உள்நாட்டிலேயே அக்கருவிகளைத் தயாரிக்கப் பெரும் பணத்தைக் கொட்டுகின்றது.

இங்கேதான் ஆபத்து இருப்பதாக நான் நினைக்கின்றேன். வர்த்தகம் ஆயுதமாகும் ஒவ்வொரு தடவையும் அடிபட்ட தரப்பு மாற்று வழி தேடுகின்றது. ஆகவே அடுத்த தடவை அந்த ஆயுதம் சற்று மொட்டையாகின்றது. இதை ஜப்பானின் வெற்றி என்றோ சீனாவின் தன்னிறைவு என்றோ கொண்டாடலாம். ஆனால் ஒருவரில் ஒருவர் தங்கியிருந்தமைதான் இருவரையும் நிதானிக்க வைத்தது. மீனை நிறுத்தியும் பயனில்லை, கனிமத்தை நிறுத்தியும் பயனில்லை என்ற நிலை வந்தால், கோபத்தைக் காட்ட மிஞ்சுவது கடலில் நிற்கும் கப்பல்கள் மட்டுமே.

எமக்கு இதில் என்ன?

இலங்கைக்கு இது தூரத்துச் சண்டையல்ல. சீனா அழைக்கப்படாத 1951 சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜப்பானுக்காகக் குரல் கொடுத்து நட்டஈட்டைக் கைவிட்டது இலங்கை. அடுத்த ஆண்டே சீனாவுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்ததும் இதே இலங்கைதான். இன்று இருவருமே எமது பெருங்கடன்காரர்கள். 2024 ஜூன் 26ஆம் திகதி கடன் மறுசீரமைப்புக்கு இணங்கியபோது, ஜப்பான் இணைத்தலைமை வகித்த குழுவுடன் பரிஸிலும் சீன எக்சிம் வங்கியுடன் பீஜிங்கிலுமாக ஒரே நாளில் இரண்டு இடங்களில் கைச்சாத்திட வேண்டியிருந்தது. இவ்விருவரும் ஒரே மேசையில் அமராதவரை, இரண்டு மேசைகளுக்கும் ஓடவேண்டியவர்கள் எம்மைப் போன்ற சிறிய நாட்டவரே.

1972இல் தீவுகளை ஒதுக்கிவைத்தவர்கள் கோழைகள் அல்லர். போரைக் கண்ணால் கண்டவர்கள். தீர்க்க முடியாததைத் தீர்க்காமல் வைத்துவிட்டு, தீர்க்கக்கூடியதில் கைவைத்தார்கள். டெங் எதிர்பார்த்த அந்த அடுத்த தலைமுறை இப்போது ஆட்சியில் இருக்கின்றது. தீவுகளுக்கும் தாய்வானுக்கும் உடனே தீர்வு காணுமாறு அவர்களை எவரும் கேட்கவில்லை. குறைந்தபட்சம் லியாவும் தகாசாகியும் செய்ததைப் போல், உறவு அறுந்த வேளையிலும் பேசுவதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கலாம்.