கிட்னி நோயாளி வீட்டுக்கு எந்தத் தானியம்?



"வீட்டுக்காரருக்குக் கிட்னி கோளாறுங்க. ராகி மாவு கொடுக்கலாமா, கோதுமை பிரட் கொடுக்கலாமா?" என்று கேட்கும் வாடிக்கையாளர் இன்று எல்லா மளிகைக் கடைக்கும் வருகிறார். "எல்லாம் சத்துதான், தாராளமாகக் கொடுங்க" என்று நாமும் சரக்கைக் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். இந்த நோயில் அந்தச் சொல் கெடுதலாக முடியலாம். சேலம் லீ பஜாரில் தானிய மொத்த வியாபாரம் செய்பவன் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

உணவில் மிஞ்சும் உப்பு, பொட்டாசியம், பாஸ்பரஸ் ஆகியவற்றை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதானால் இவை இரத்தத்தில் தேங்கும். பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். பாஸ்பரஸ் மிகுந்தால் எலும்பு பலமிழக்கும்.

100 கிராம் வெள்ளை அரிசியில் பொட்டாசியம் சுமார் 100 மில்லிகிராம். முழுக் கோதுமை மாவில் சுமார் 300. ராகியில் 400-க்கும் மேல். ஆகவே ஊருக்கெல்லாம் நல்லதான ராகிக் களி, இவர்களுக்கு அளவு பார்த்துத் தர வேண்டியதாகிறது. அடியோடு விலக்க வேண்டும் என்பதல்ல. முழுத் தானியத்தில் உள்ள பாஸ்பரஸ் முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும்.

பிரட், பன், ரஸ்க் வகைகளில் நாக்குக்குத் தெரியாத உப்பு உண்டு. நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டியவருக்கு அதுவும் கணக்கில் சேரும். உறையில் 341, 450 போன்ற எண்கள் இருந்தால் பாஸ்பேட் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். இப்படிச் சேர்க்கும் பாஸ்பரஸ் பெரும்பாலும் இரத்தத்தில் கலந்துவிடும். இந்த வகையில் வீட்டில் உப்புக் குறைத்துச் சுடும் சப்பாத்தி மேல்.

நம் ஊர்ச் சரக்கான ஜவ்வரிசியைப் பார்ப்போம். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. இது பெரும்பாலும் மாவுச்சத்தே. புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. புரதத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவருக்குத் தெம்பு தர உதவும். ஆனால் சர்க்கரை நோயும் இருந்தால் சர்க்கரை ஏறும். டயாலிசிஸ் செய்பவருக்கோ புரதம் கூடுதலாகத் தேவை. ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும் போதாது.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்துள்ளது. கிட்னி நோயாளி வீட்டுக்கு அதை நாமாக எடுத்துக் கொடுக்கவே கூடாது.

மருந்துச் சீட்டு எழுதுவது நம் வேலையல்ல. "டாக்டர் உணவுச் சீட்டு கொடுத்தாரா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால் சிகிச்சை பெறும் மருத்துவமனையிலேயே கேட்டு வரச் சொல்லுங்கள். உறையைப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லுங்கள். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அன்று ஒரு பாக்கெட் விற்பனை குறையலாம். தலைமுறையாக வரும் வாடிக்கையாளர் நலமாக இருந்தால்தான் நமக்கும் வியாபாரம்.