அறுவடைக்கு முன்னும் பின்னும்

நான் குடியிருப்பது லக்ஷ்மிபாய் நகரில், அரசாங்க ஊழியர் குடியிருப்பு ஒன்றில். எங்கள் வரிசையில் வேப்பமரத்தடியில் இஸ்திரி போடும் பெரியவர் ஒருவர் உண்டு. மாத முதல் வாரத்தில் அவர் கணக்குத் தவறியதே இல்லை. கடைசி வாரத்திலோ என் சட்டை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். "பொறுப்பில்லாத மனிதர்" என்று நானும் சலித்துக்கொண்டதுண்டு. அப்படிச் சொன்னதற்கு என்னை வெட்கப்பட வைத்தது ஓர் ஆராய்ச்சி.

தமிழ்நாட்டுச் சிற்றூரில் பிறந்து, ஏழாம் வயதில் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு, சிகாகோ, எம்.ஐ.டி. ஆகியவற்றில் பேராசிரியர் பதவி பெற்றவர் செந்தில் முல்லைநாதன். உளவியலையும் பொருளியலையும் சேர்த்துக் காணும் நடத்தைப் பொருளியல் அவர் துறை. மனிதர் தவறாக முடிவெடுத்து ஏழையாகிறாரா, அன்றி ஏழ்மையே முடிவைக் குலைக்கிறதா? ஆனந்தி மணி முதலிய மூவருடன் சேர்ந்து இதற்கு விடை தேட அவர் தேர்ந்தெடுத்தது விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதியின் கரும்பு விவசாயிகளை!

ஏன் கரும்பு? ஆண்டுக்கொருமுறைதான் பெருந்தொகை கைக்கு வரும். அறுவடைக்கு முன் கை வறண்டிருக்கும், பின் நிறைந்திருக்கும். ஆள் என்னவோ ஒருவரே. 464 பேரைக் கண்டதில், முன்பு நூற்றுக்கு 78 பேர் அடகு வைத்திருந்தனர். பின்பு 4 பேரே. இரு காலத்திலும் உருவப் புதிர்களைக் கொடுத்தார்கள். கை வறண்டபோது மதிப்பெண் குறைந்தது. பருவத்தின்மேல் பழிபோட வழியில்லை. ஆலைகள் முறைவைத்துக் கரும்பு எடுப்பதால் அக்கம்பக்கத்தாரே வெவ்வேறு மாதங்களில் வெட்டுகிறார்கள். இரண்டாம் முறை பழகிவிட்டது எனலாமே? அதற்காகவே 100 பேரை ஒதுக்கி வைத்து, அறுவடைக்குப் பின்னரே முதன்முறை சோதித்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள். 2013இல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியாயிற்று. அறிவில் குறைவில்லை, கவலை அறிவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு.

முல்லைநாதனிடம் பயின்ற பிராங்க் ஷில்பாக் என்பவர் அக்கேள்வியைச் சென்னைத் தெருவுக்கே கொண்டுவந்தார். 229 சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களிடம் ஆராய்ந்தார். பகலில் குடிக்காதிருந்தால் ஊக்கத்தொகை! சம்பாத்தியம் கூடவில்லை; சேமிப்போ ஏறத்தாழப் பாதிப்பங்கு உயர்ந்தது. நல்ல ஆசிரியர் விடையைவிடக் கேள்வியைத்தான் மாணவருக்குக் கொடுக்கிறார் போலும்.

சென்ற மாதக் கடைசியில் துணிகளை எண்ணி, சீட்டெழுதி, மூட்டையோடு வைத்தேன். முன்பணம் வேண்டுமா என்றும் கேட்டேன். பெண்ணுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்று, வாடகைதான் பாக்கி என்றார் பெரியவர்.