போர்ஷே இன்ஜினை ஒரு சின்ன பேரிங் சாய்ப்பது எப்படி?

மணிக்கு 240 கிலோமீட்டர் தொடும் போர்ஷே பாக்ஸ்டரை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பேரிங் முடக்கிவிடும் என்றால் நம்புவீர்களா?

1997 முதல் 2008 வரை வந்த பாக்ஸ்டர், அதன் அண்ணன் 911 கார்களின் இன்ஜினுக்குள் ஓர் இடைத்தண்டு சுழல்கிறது. (911 டர்போ, ஜிடி3 இன்ஜின்கள் வேறு, அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.) கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை வாங்கி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுகளுக்குச் சங்கிலி வழியே தருவது அந்தத் தண்டுதான். அதன் ஒரு முனையைத் தாங்குகிறது இந்த பேரிங்.

ஆயுளுக்கும் போதும் என்று உள்ளே கிரீஸ் வைத்து சீல் செய்துவிட்டார்கள். வினை அங்கேதான்.

ஊறுகாய் ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி தளர்ந்து ஈரம் இறங்கிவிட்டால் வெளியேறாது. உள்ளேயே கிடந்து கெடுக்கும். இங்கும் அப்படித்தான். சூட்டில் சீல் தளர, இன்ஜின் ஆயில் கசிந்து நுழைந்து கிரீஸைக் கரைக்கிறது. புது ஆயில் தாராளமாக வருவதுமில்லை, பழையது போவதுமில்லை. பேரிங்கினுள் உருளும் குண்டுகள் தேய்கின்றன.

எல்லாக் காரிலும் இது நடக்காது. நடந்தால், தண்டு ஆடும், சங்கிலி நழுவும், வால்வும் பிஸ்டனும் மோதும். இன்ஜின் போச்சு!

வெளிக் கம்பெனிகளின் தீர்வு அழகானது. செராமிக் குண்டு பேரிங்கை சீல் இல்லாமலே பொருத்துகிறார்கள். இன்ஜின் ஆயில் ஓயாமல் நனைக்கும். இன்னொன்றில் குண்டே கிடையாது. தனிக் குழாயில் அழுத்தத்தோடு வரும் ஆயில் படலத்தில் தண்டு மிதக்கும். என் ஓட்டு இதற்கே.

ஆனால் 2006 முதல் 2008 வரையிலான கார்களில் உள்ள பேரிங் அளவில் பெரியது, இன்ஜினைப் பிரிக்காமல் அதைக் கழற்ற முடியாது. அதற்கு முந்தைய கார் உங்களிடம் இருந்தால், கிளட்ச் மாற்றும்போதே பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.