பாட்டும் உலையும்

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்து 2005இல் மறைந்த அருட்திரு. தியோபிலஸ் அப்பாவு, கிராமிய இசையை வழிபாட்டிற்குக் கொண்டுவந்தவர் என்றே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். அதனோடு அவர் வற்புறுத்திய ‘ஒரு உலை’, அதாவது ஒன்றாய்ப் பொங்கி ஒன்றாய் உண்ணும் வாழ்வு, எளிதில் மறக்கப்படுகிறது. இரண்டும் அவருக்கு ஒரே பொருளே.

கர்நாடக இசையைச் செவ்வனே பாடப் பயிற்சி வேண்டும். அதனை நான் குறையாகச் சொல்லவில்லை. கிராமியப் பாட்டையோ ஒருவர் எடுத்துக்கொடுக்க, எல்லாரும் வாங்கிப் பாடுவர். பாடுவோர் தம் நிலைமைக்கேற்பச் சொல்லை மாற்றிக்கொள்ளவும் உரிமையுண்டு. பறை, சாதியின் பெயரால் இழிவென்று ஒதுக்கப்பட்ட கருவி. அதை ஆலயத்தில் முழங்கச் செய்துவிட்டு, முழக்கியவர் வீட்டுச் சோற்றுக்குக் கை நீட்டாத மாணவன் எப்படி நற்கருணை பரிமாறுவான்?

இக்கேள்வி புதியதன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இன்றும் நம் சபைகளுக்குச் செல்வம். அதே சாஸ்திரியார் 1829இல் சபைக்குள் சாதி வேற்றுமையை ஆதரித்து எழுதினார். 1833இல் பேராயர் தானியேல் வில்சன் அவ்வேற்றுமையை விலக்கக் கட்டளையிட்டபோது, தஞ்சையில் பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினர். அவர்களும் அக்கீர்த்தனைகளைப் பாடியவர்களே.